மனைவின்னு நிரூபி: ஸ்பவுஸ் விசாவின் நூறு வருஷக் கதை

இன்னைக்கு மருந்து மாத்திரை இல்ல, வரலாறு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க. நடுவுல மருத்துவமும் வரும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, எந்த சார்பதிவாளர் அலுவலகம் வேணும்னாலும் முகூர்த்த மாசம் முடிஞ்ச கையோட போய்ப் பாருங்க. கையில கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும்போது எடுத்த போட்டோ, ரெண்டு பேர் ஆதார், சாட்சிக்கு மாமா ஒருத்தர். மாப்பிள்ளை டொரண்டோவுலயோ டல்லாஸ்லயோ இருப்பார். பொண்ணோட ஸ்பவுஸ் விசாவுக்குத் திருமணச் சான்றிதழ் வேணும்.

கூட வந்த பாட்டி கேப்பாங்க: "ஆயிரம் பேர் பார்க்கத் தாலி கட்டினது பத்தாதா? இந்தப் பேப்பர் எதுக்கு?"

பாட்டி கேக்கறது சின்னக் கேள்வி இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்விக்காகத் தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையோட ஜெயிலுக்குப் போயிருக்காங்க. அந்தக் கதைதான் இது.

1860. மதராஸ்லருந்து 'ட்ரூரோ'ங்கற கப்பல் 342 பேரோட கிளம்பி, நவம்பர் 16 அன்னைக்கு டர்பன் போய்ச் சேருது. தென்னாப்பிரிக்காவுல நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரைக்கும் இப்படிப் போனவங்க ஒண்ணரை லட்சம் பேருக்கு மேல. பெரும்பாலானவங்க மதராஸ் துறைமுகம் வழியா போனவங்க. வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்கள்லருந்து நிறைய பேர். நம்ம பூந்தமல்லி, அம்பத்தூரெல்லாம் அப்ப செங்கல்பட்டு மாவட்டம்தான்.

கூலிகளுக்குப் பின்னாடியே சொந்தச் செலவுல வியாபாரிகளும் போனாங்க, குஜராத்திகள் அதிகம். இவங்கள்ல பலர் அங்கேயே நிலைச்சாங்க. ஊருக்கு வந்து கல்யாணம் பண்ணிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு மனைவியை அழைச்சுக்குவாங்க. இன்னைக்கு நாம 'ஸ்பான்சர்'னு சொல்றோமே, அதோட பழைய வடிவம். கணவருக்கு அங்க குடியிருப்பு உரிமை இருந்தா மனைவியும் இறங்கலாம். 1913 வரைக்கும் பொதுவா இப்படித்தான் ஓடிச்சு.

ஹசன் எசோப்னு ஒருத்தர். கேப் மாகாணத்துல குடியிருந்தவர். இந்தியா வந்து பாய் மரியம்ங்கற பெண்ணை முஸ்லிம் முறைப்படி நிக்காஹ் பண்ணிட்டு, பிறகு அவங்களை அழைச்சுட்டுப் போறார். துறைமுகத்துல அதிகாரிகள் அந்தம்மாவைத் தரையிறங்க விடல. வழக்கு கோர்ட்டுக்குப் போகுது. 1913 மார்ச் 14, கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி மால்கம் சியர்ல் தீர்ப்பு சொல்றார். எந்த மதத்துல ஒருத்தர் ஒண்ணுக்கு மேல கல்யாணம் பண்ண அனுமதி இருக்கோ, அந்த மதப்படி நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் கல்யாணமா ஏத்துக்காது.

இதைக் கவனமா படிங்க. எசோப்புக்கு ஒரே மனைவிதான். பிரச்சினை அவர் எத்தனை கட்டினார்ங்கறது இல்ல, அவர் மதம் எத்தனை கட்ட விடுது என்கிறது. அன்னைக்கு இந்து முறையிலயும் பலதார மணத்துக்குத் தடை கிடையாது. அதனால ஒரே நாள்ல அங்க இருந்த இந்து, முஸ்லிம், பார்சி மனைவிகள் எல்லாரோட நிலையும் ஆட்டம் கண்டது. மனைவி இல்லன்னா சட்டத்தின் கண்ணுல என்ன? பிள்ளைகள் யாரோட வாரிசு? சொத்து யாருக்கு? 'மனைவி'ங்கற முறையில உள்ள வந்தவங்களை நாளைக்கே வெளியேத்தலாமா?

இந்தத் தீர்ப்பைச் சொன்னப்ப கஸ்தூரிபா, அப்ப இந்த நாட்டுச் சட்டப்படி நான் உங்க மனைவி இல்லையான்னு கேட்டதா காந்தி பின்னாடி எழுதியிருக்கார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தி, நாலு பிள்ளை பெத்த அம்மா கேக்கற கேள்வி.

அதுக்கு முன்னாடி அங்க நடந்த சத்தியாக்கிரகத்துல பெண்களை ஜெயிலுக்கு அனுப்பறதில்ல. இந்தத் தீர்ப்பு அதை மாத்திடுச்சு. ஏற்கெனவே ஒப்பந்தம் முடிஞ்ச கூலிகள் மேல தலைக்கு 3 பவுண்டு வரி இருந்தது, பெண்களையும் விடல. ரெண்டும் சேர்ந்து போராட்டம் வெடிச்சது.

1913 செப்டம்பர்ல ஃபீனிக்ஸ் குடியிருப்புலருந்து 16 பேர் கிளம்பறாங்க, கஸ்தூரிபா உட்பட நாலு பெண்கள். அனுமதி இல்லாம மாகாண எல்லையைத் தாண்டி வேணும்னே கைதாகறாங்க. மூணு மாசக் கடுங்காவல். பாடப் புத்தகத்துல இதுவரைக்கும் வந்துடும்.

ஆனா என்னைப் பொறுத்தவரை கதையோட முதுகெலும்பு அடுத்த குழுதான். டிரான்ஸ்வாலிலருந்து கிளம்பின 11 பெண்கள். ஒருத்தரைத் தவிர எல்லாரும் தென்னிந்தியர், பெரும்பாலும் தமிழ் பேசற குடும்பங்கள். தம்பி நாயுடு மனைவி, பி.கே. நாயுடு மனைவி, முருகேச பிள்ளை மனைவி, சின்னசாமி பிள்ளை மனைவி... ஆவணங்கள்ல இப்படித்தான் பதிவாயிருக்கு. 'மனைவியா இல்லையா'ன்னு கேட்டதுக்காகப் போராடினவங்க வரலாத்துலயும் 'இன்னார் மனைவி'யாவே நிக்கறாங்க. ஆறு பேர் கையில குழந்தை.

எல்லையில இவங்களைக் கைது பண்ணாம விட்டுட்டாங்க. அது அரசாங்கம் பண்ண பெரிய தப்பு. இவங்க நேரா நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், அங்க இருந்த கூலிக் குடும்பங்கள்கிட்ட அவங்க மொழியிலயே பேசினாங்க. அக்டோபர் நடுவுல வேலைநிறுத்தம் தொடங்குது, ஆயிரக்கணக்குல தொழிலாளர்கள் வெளிய வர்றாங்க. அப்பதான் இவங்களுக்கும் மூணு மாசம் ஜெயில். நவம்பர் 6 அன்னைக்கு டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்த பேரணியில காந்தி கணக்குப்படி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள்.

வள்ளியம்மையை உங்களுக்குத் தெரியும். தில்லையாடி வள்ளியம்மைன்னு சொல்றோம், ஆனா அவங்க பிறந்தது ஜோகன்னஸ்பர்க்ல, 1898 பிப்ரவரி 22. தில்லையாடி அவங்க அம்மா மங்களத்தோட ஊர். அப்பா முனுசாமி முதலியார். அம்மாவும் பொண்ணும் சேர்ந்தே கைதானாங்க. 1913 டிசம்பர் கடைசியில தண்டனை, மாரிட்ஸ்பர்க் சிறை. ஜனவரி 11 விடுதலை ஆகும்போது கடும் காய்ச்சல். பிப்ரவரி 22 அன்னைக்கு இறந்துட்டாங்க. பதினாறாவது பிறந்தநாள்.

டாக்டரா இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். பதிவுகள்ல 'காய்ச்சல்'ங்கறதுக்கு மேல நோயின் பேர் இல்ல. அன்னைக்கு ஆன்டிபயாட்டிக் கிடையாது. பெனிசிலின் நோயாளிகளுக்கு வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல இருக்கு. நெருக்கடியான சிறை, வாயில வைக்க முடியாத சாப்பாடு, உடம்பு தேய்ஞ்ச ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணு. எந்தக் கிருமியா இருந்தாலும் அதுக்கு வேலை சுலபம். படுக்கையில இருந்தப்ப, ஜெயிலுக்குப் போனதுக்கு வருத்தப்படறியான்னு காந்தி கேட்டிருக்கார். இப்ப கைது பண்ணாலும் மறுபடி போவேன்னு பதில் சொன்னதா அவரே எழுதியிருக்கார். எழும்பூர்ல கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு இவங்க பேருதான். உள்ள போய்ப் புடவை எடுக்கற பெண்கள்ல எத்தனை பேருக்கு, இவங்க செத்தது கல்யாணச் சட்டத்துக்காகவும்தான்னு தெரியும்?

1914 ஜூலைக்குள்ள இந்தியர் நிவாரணச் சட்டம் வந்துடுச்சு. 3 பவுண்டு வரி ரத்து. இந்திய மதங்கள்படி நடந்த கல்யாணம், ஒரே மனைவின்னா, செல்லும். அப்படிப்பட்ட மனைவியும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வரலாம். இந்திய மத குருமார்களையே திருமண அதிகாரிகளா நியமிக்கலாம்.

ஜெயிச்சாச்சா? பாதிதான். "ஒரே மனைவி"ங்கற நிபந்தனை நின்னுச்சு. இனிமே கல்யாணத்துக்கு ஊர் சாட்சி மட்டும் பத்தாது, ஒரு பதிவு வேணும்ங்கற பழக்கமும் சேர்ந்து வந்தது. அப்புறம், 1953-ல நிறவெறி அரசு வேற சட்டம் போட்டு, இந்தியாவுலருந்து மணப்பெண்களை அழைச்சு வர்றதையே நிறுத்திடுச்சு. வள்ளியம்மை இறந்து 39 வருஷம்தான் ஆச்சு.

அதே 1953-ல நம்ம ஊர்லயே ஒண்ணு நடந்தது. புரோகிதர் இல்லாம, சடங்கு இல்லாம மாலை மாத்திக்கிட்ட சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. வெள்ளைக்கார நீதிபதி இல்ல, கப்பல் துறைமுகம் இல்ல, நம்ம பாரிமுனை. அதுவும் "உன் சடங்கு எங்க கணக்குல சடங்கு இல்ல"ங்கற அதே தர்க்கம்தான். 1967-ல அண்ணா ஆட்சியில இந்து திருமணச் சட்டத்துல 7-ஏ பிரிவைச் சேர்த்தப்பதான் அது மாறிச்சு, அதுவும் பழைய கல்யாணங்களுக்கும் சேர்த்து. இன்னைக்கு ஆவடியில சுயமரியாதைத் திருமணம் பண்ணிட்டு, சான்றிதழ் வாங்கி, அப்போஸ்டில் முத்திரை போட்டு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுதுன்னா அந்தத் திருத்தம்தான் காரணம். (தமிழ்நாட்டுல எல்லா மதத்துக்கும் திருமணப் பதிவு கட்டாயம் ஆனது 2009 சட்டத்தால.)

இதுவரைக்கும் கேட்டது சடங்குக்கும் தாளுக்கும் ஆதாரம். அடுத்து கை வச்சது உடம்பு மேல. இங்கதான் என் தொழிலுக்குத் தலைகுனிவு.

1979 ஜனவரி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். இந்தியாவுலருந்து 35 வயசு ஆசிரியை ஒருத்தர் இறங்கறாங்க. அங்க குடியிருக்கற இந்திய வம்சாவளி மாப்பிள்ளையைக் கல்யாணம் பண்ண வந்திருக்காங்க. அன்னைய பிரிட்டிஷ் விதிப்படி, மனைவியா வந்தா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அதுக்கு மாசக்கணக்கா, வருஷக்கணக்கா காத்திருப்பு. மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் பண்ணப்போற நிச்சயப்பெண்ணுக்கு அது தேவையில்ல. அதிகாரிக்குச் சந்தேகம்: இவங்க ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களோ?

எப்படிக் கண்டுபிடிக்கறது? கன்னித்தன்மை பரிசோதனை. இந்தியப் பெண் நிச்சயப்பெண்ணா இருந்தா கன்னியாத்தான் இருக்கணும்னு அவங்களே ஒரு முடிவு. திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயந்து அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்க. பரிசோதிச்சது ஒரு ஆண் மருத்துவர்.

பிப்ரவரி 1 அன்னைக்கு 'கார்டியன்' பத்திரிகையில செய்தி வந்து உலகமே அதிர்ந்தது. ஆசிய, கறுப்பினப் பெண்கள் அமைப்புகள் ஹீத்ரோவிலேயே போராட்டம் பண்ணாங்க. இந்திய அரசு விஷயத்தை ஐ.நா. மனித உரிமை ஆணையம் வரைக்கும் கொண்டுபோச்சு. பரிசோதனை உடனே நிறுத்தப்பட்டது. ஏதோ ஒண்ணு ரெண்டு தடவைதான் நடந்ததுங்கற மாதிரி அன்னைக்குச் சொன்னாங்க. 2011-ல ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ரெண்டு பேர் பழைய அரசுக் கோப்புகளைத் தோண்டினப்ப, குறைஞ்சது 80 பெண்களுக்கு இப்படி நடந்திருக்குன்னு வெளிய வந்தது. பெரும்பாலும் இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகங்கள்லயே.

மருத்துவ உண்மை என்னன்னா, கன்னித்தன்மையைக் கண்டுபிடிக்கற பரிசோதனைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஹைமன் சவ்வு ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருக்கும். அதைப் பார்த்து உடலுறவு நடந்ததா இல்லையான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. 2018-ல உலக சுகாதார நிறுவனம் இந்தப் பரிசோதனையை ஒழிக்கணும்னு சொல்லிச்சு. பாலியல் வழக்குகள்ல நடத்தின இருவிரல் பரிசோதனையை நிறுத்தச் சொல்லி 2022-ல சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உத்தரவு போட்டாங்க. 1979-ல அந்த ஹீத்ரோ டாக்டர் படிச்ச புத்தகத்துலயும் இதுக்கு ஆதாரம் இருந்திருக்காது. அதிகாரி கேட்டார், இவர் செஞ்சார்.

எலும்பு எக்ஸ்-ரே கதையும் இதே ரகம்தான். குடும்பத்தோட சேர வந்த பிள்ளைகள் சொல்ற வயசு நிஜமான்னு பார்க்க மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்தாங்க. ஒப்பிட்ட அட்லஸ் 1930-கள்ல அமெரிக்காவுல கிளீவ்லாந்து நகரத்து வெள்ளைக்கார வசதியான வீட்டுப் பிள்ளைகளை வச்சு செஞ்சது. நல்லா எடுத்தாலே ரெண்டு வருஷம் முன்ன பின்ன வரும். நோய்க்காக இல்லாம, அதிகாரிக்காகக் குழந்தை மேல கதிர்வீச்சு. 1980-களின் தொடக்கத்துல அதையும் நிறுத்தினாங்க.

அப்புறம் அறிவியல் நல்லதும் பண்ணுச்சு, அதையும் சொல்லணும். 1984-ல லெஸ்டர் பல்கலைக்கழகத்துல அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. கைரேகையைக் கண்டுபிடிச்சார். அது முதன்முதலா பயன்பட்டது கொலை வழக்குல இல்ல, 1985-ல ஒரு குடியேற்ற வழக்குல. கானா நாட்டுக் குடும்பத்துப் பையன் நிஜமாவே அந்தத் தாயோட மகன்தான்னு நிரூபிச்சுக் குடும்பத்தோட சேர்த்து வச்சது.

ஆனா கல்யாணத்துக்கு டி.என்.ஏ. கிடையாதே! அதனால பிரிட்டன் மனசை நோண்ட ஆரம்பிச்சது. 1980-கள்ல, வெளிநாட்டுக் கணவர் உள்ள வரணும்னா, கல்யாணத்தோட முதன்மை நோக்கம் குடியேற்றம் இல்லன்னு அவரே நிரூபிக்கணும். பிரிஞ்சிருந்த காலத்துல அன்பு இருந்ததுக்கு அத்தாட்சியா கடிதம், போன் பில். பெத்தவங்க பார்த்து வச்ச கல்யாணத்துல, நாலு தடவை பார்த்துப் பேசின ஜோடிக்கு இது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. 1997-ல புது அரசு வந்துதான் அந்த விதியை எடுத்தாங்க.

அதே காலத்துல ஆண் மனைவியை அழைக்கறது சுலபம், பெண் கணவனை அழைக்கறது கஷ்டம். இந்திய வம்சாவளியில மலாவியில பிறந்த அப்துல்அஜீஸ்ங்கற பெண்ணும் இன்னும் ரெண்டு பெண்களும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1985 மே 28, இது பாலினப் பாகுபாடுன்னு தீர்ப்பு. ஜெயிச்சாங்க. பிரிட்டன் என்ன பண்ணிச்சு தெரியுமா? பெண்களுக்குச் சுலபமாக்கல, ஆண்களுக்கும் சேர்த்துக் கஷ்டமாக்கிடுச்சு. சமத்துவம் வந்துடுச்சாம்!

இப்ப நிகழ்காலத்துக்கு வருவோம். கிளினிக்ல பெண்கள் தயங்கித் தயங்கிக் கேக்கற கேள்வி ஒண்ணு: "விசா மெடிக்கல்ல என்னெல்லாம் செக் பண்ணுவாங்க டாக்டர்?" அந்தத் தயக்கத்துக்குப் பின்னாடி என்ன பயம் இருக்குன்னு எனக்குப் புரியும். அதனால பொதுவுலயே சொல்லிடறேன். அந்தரங்கப் பரிசோதனை, கன்னித்தன்மை பரிசோதனை எதுவும் இன்னைக்கு ஸ்பவுஸ் விசாவுல கிடையாது. யாராவது கேட்டா மறுத்துட்டு வெளிய வந்துடுங்க. பெண் உதவியாளர் கூட இருக்கணும்னு கேக்கறது உங்க உரிமை.

உண்மையில அவங்க முக்கியமா தேடறது டி.பி. அதுக்கு நெஞ்சு எக்ஸ்-ரே. அந்தந்த நாடு அங்கீகரிச்ச டாக்டர்கிட்டதான் எடுக்கணும், என்னை மாதிரி குடும்ப டாக்டர் கொடுக்கற சர்டிபிகேட் செல்லாது. கர்ப்பமா இருந்தா எக்ஸ்-ரேவுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, வேற வழி இருக்கு. டி.பி. இருக்குன்னு வந்தாலும் பயப்படாதீங்க. சாதாரண டி.பி.க்கு ஆறு மாசம் மாத்திரை, முடிச்சுட்டு மறுபடி போகலாம். விசா தள்ளிப்போகும், வாழ்க்கை போயிடாது. எச்.ஐ.வி. இருந்தா உள்ளேயே விடமாட்டோம்ங்கற அமெரிக்கத் தடை 2010 ஜனவரியில நீங்கிடுச்சு. கனடாவுல, சிகிச்சைச் செலவு அதிகமாகும்ங்கற காரணத்தைச் சொல்லிக் கணவன் மனைவியை நிராகரிக்க முடியாது. சர்க்கரை, தைராய்டு மாத்திரையை மறைச்சு வைக்கறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வரும். தாராளமா சொல்லுங்க.

இன்னொண்ணு, அமெரிக்க கிரீன் கார்டு கிடைக்கும்போது கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகலன்னா, முதல்ல ரெண்டு வருஷ நிபந்தனை அட்டைதான் தருவாங்க. 1986 சட்டம். அதுக்குள்ள வீட்டுல அடி உதைன்னா, கணவன் கையெழுத்து இல்லாமலேயே நிபந்தனையை நீக்கக் கேட்க வழி இருக்கு. பொண்ணை அனுப்பற பெத்தவங்க இதை அவளுக்குச் சொல்லியே அனுப்புங்க. "கார்டு போயிடும்"னு பயந்து அடி வாங்கிட்டு இருக்கறவங்க நிறைய.

சரி, நாம அழைக்கப் போகும்போது நடந்ததெல்லாம் பேசியாச்சு. நம்ம நாடு எப்படி?

இந்தியரைக் கல்யாணம் பண்ண வெளிநாட்டவர், பதிவு பண்ணி ரெண்டு வருஷம் ஆனதும் ஓ.சி.ஐ. அட்டை கேட்கலாம் (பாகிஸ்தான், வங்கதேசப் பின்னணி இருந்தா கிடையாது). குடியுரிமை வேணும்னா குடியுரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி, ஏழு வருஷம் இங்க வாழ்ந்திருக்கணும். நியாயமாத்தான் தெரியுது. அதுல ஒரு வார்த்தை இருக்கு: 'சட்டவிரோதக் குடியேறி'யா இருக்கக்கூடாது. 2003 திருத்தத்துல கறாரா வந்தது.

ஆவடியிலருந்து வெளிவட்டச் சாலையைப் பிடிச்சா புழல் பக்கம் காவாங்கரை ரொம்ப தூரமில்ல. அங்க இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 1983-க்குப் பிறகு படகுல உயிரைக் கையில பிடிச்சுட்டு வந்தவங்களும், அவங்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளும். பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துட்டு வர முடியாதவங்க, அதனால சட்டத்தின் கண்ணுல 'சட்டவிரோதக் குடியேறி'. அப்படி ஒருத்தரை ஒரு இந்தியப் பெண் கல்யாணம் பண்ணா, ஏழு வருஷம் இல்ல, எழுபது வருஷம் ஆனாலும் மனைவிங்கற முறையில அவரை ஸ்பான்சர் பண்ண முடியாது. 2025-ல வந்த விதிவிலக்கு ஆணை, 2015 ஜனவரி 9-க்கு முன்னாடி வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழ் அகதிகளைத் தண்டனையிலருந்து காப்பாத்துது. குடியுரிமைக் கதவை அது திறக்கல.

பிள்ளைக்கும் இதே சிக்கல். 2004 டிசம்பர் 3-லருந்து இங்க பிறந்த குழந்தை பிறப்பால் இந்தியர் ஆகணும்னா, பெத்தவங்கள்ல ஒருத்தர் இந்தியரா இருந்தா மட்டும் போதாது, இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருக்கக்கூடாது. அம்மா பூந்தமல்லிக்காரங்களா இருந்தாலும், அப்பா முகாம்ல இருக்கறவர்ங்கற ஒரே காரணத்துக்காகக் குழந்தையோட குடியுரிமை கேள்விக்குறி ஆகுது.

இந்த நிலையில இருக்கற குடும்பம் யாராவது இதைப் படிச்சா: குழந்தையோட பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றிதழ், அம்மாவோட ஆவணங்கள், எல்லாத்தையும் பத்திரமா வைங்க. திருவள்ளூர்ல மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க இலவச வக்கீல் உண்டு. போய் மனு கொடுங்க. தடுப்பூசி அட்டை தொலைஞ்சிருந்தா, போட்ட ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிவேடு இருக்கும், நகல் கேளுங்க.